பிறர் நிரப்பிய தோட்டா

கார்னி, நெப்ராஸ்கா
ஜனவரி 14, 2018

அன்புள்ள டெல்மர்,

நான் நன்றாக இருக்கிறேன் என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, விழுந்த பாதியையும் தப்பாகப் புரிந்துகொள்வாய். அதனால் எழுதுகிறேன்.

நாலைந்து மாதமாக ஒரே அலுப்பு. விதைக்கடையில் பதினொரு மணிக்கே ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துவிடுகிறேன். அறுபத்து நாலு வயதில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டிருந்தேன். இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஈயம் இருபத்தாறாம். ஐந்துக்குள் இருக்க வேண்டியது. "நீங்க பழைய வீட்டுக்குப் பெயிண்ட் சுரண்டுற வேலை பாக்கறீங்களா?" என்று அந்தப் பெண் டாக்டர் கேட்டாள். "இல்லம்மா, முப்பது வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை மூடின கூடத்துல நின்னு துப்பாக்கி சுடறேன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

வெறும் ஈயக் குண்டு இனிமேல் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதாவது நீ வார்த்து, நீ நிரப்பி, என் அண்ணன் ராய்ஸ் லாரியில் கொண்டுவந்து இறக்கும் தோட்டா கூடாது. அலமாரியில் ஆறு பெட்டியும் சில்லறையும் மிச்சம் இருக்கிறது. தொடவில்லை.

ஜூனில் மாநிலப் போட்டி. எந்தக் குண்டுக்கு மாறலாம், சொல். கடைக்காரன் செம்பு முலாம் என்கிறான், செம்பு உறை என்கிறான், பச்சையும் சிவப்புமாக மிட்டாய் போல ஒன்றை அள்ளிக் காட்டுகிறான். கிளப்பில் விசில் ஊதிச் சுடும் வரிசையைக் கவனிக்கும் ஹியூபர்ட், தானே நிரப்பித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். பிறர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே என்பதுதான் நம் ஆட்கள் கற்கும் முதல் விஷயம். அதை நான் மீறியது உன் ஒருவனுக்காகத்தான். விவாகரத்தில் வீட்டை விற்றோம், நாற்காலிகளைப் பிரித்துக்கொண்டோம், நாய் உன்னோடு போனது. இதை மட்டும் பதினொரு வருஷமாகப் பிரிக்கவில்லை. ஏன் என்று நான் யோசித்ததில்லை, நீயும் கேட்காதே.

ராலின்ஸில் காற்று எப்படி? பின்கதவை இன்னும் கயிற்றால்தான் கட்டி வைத்திருக்கிறாயா?

லவோன்


ராலின்ஸ், வயோமிங்
ஜனவரி 27, 2018

அன்பான லவோன்,

கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உன் கையெழுத்து வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறது. தாள் மிச்சம் பிடிக்கிறாயா?

இருபத்தாறு என்று வாசித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. என் அடுப்பில் உருகிய ஈயம் உன் உடம்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பழியும் குண்டுக்கு அல்ல; வெடிமருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் இருக்கும் ஈயமும் புகையோடு வரும், உங்கள் கூடத்தின் மின்விசிறியும் பேருக்குத்தான் சுற்றும். இருந்தாலும் மனசு சரியில்லை. சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவு. கழுவாமல் கிளப்பில் தரும் சில்லிக் குழம்புக் கிண்ணத்தைத் தொடாதே, அந்த இலவங்கப்பட்டை ரொட்டியை விரலால் பிய்க்காதே. உன்னைத் தெரியும் எனக்கு.

இனி குண்டு. கடைக்காரன் சொன்ன மூன்றும் மூன்று ஜாதி. முலாம் பூசியதில் செம்பு வெங்காயத் தோல் கனம்தான். தோட்டாவின் பித்தளைக் கூட்டின் வாயைக் கொஞ்சம் அதிகமாக அழுத்தி மூடினால் தோல் கிழியும், குண்டு எங்கேயோ போகும். உறை போட்டது தடிமன். அதிலும் 'முழு உறை' என்று விற்பதற்கு அடிப்பக்கம் திறந்திருக்கும். மருந்து எரிவது அங்கேதான், அப்புறம் உறை போட்டு என்ன பயன்? மூக்கில் குழியுள்ளதை வாங்கினால் அடி மூடியிருக்கும், ஐம்பது கஜத்திலும் சொன்ன பேச்சைக் கேட்கும். உன் மிட்டாய் இருக்கிறதே, அதுவும் ஈயம்தான். மேலே பூச்சை அடுப்பில் சுட்டு ஏற்றியிருப்பார்கள். சட்டை போட்ட ஈயம் என்று வைத்துக்கொள். மூக்குக்குப் பின்னால் கூரான தோள் உள்ள ரகம் வாங்கினால், காகிதத்தில் ஓட்டை குத்தி எடுத்தது போல விழும்.

எது உனக்குச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். உன் துப்பாக்கிதான் சொல்ல வேண்டும். மூன்றிலும் ஐம்பது ஐம்பது நிரப்பி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டு அனுப்புகிறேன். எந்த எண் எந்த ஜாதி என்று உனக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் விலை கூடியதை நீ நன்றாகச் சுடுவாய். பெட்டியைத் திறந்து ஆராயாமல் ராய்ஸை விட்டு வரிசையாக எடுத்துத் தரச் சொல். சுட்ட இலக்குத் தாள்களை எனக்கு அனுப்பு.

வெறும் குண்டுகள் தபாலில் வந்துவிட்டன. தபால் நிலையத்து வில்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் போட்டாள். "என்ன டெல்மர், செஞ்ச பாவத்தையெல்லாம் பொட்டியில போட்டுக் கட்டி அனுப்பியிருக்காங்களா? என் இடுப்பு போச்சு" என்றாள். மருந்து நிரப்பியதைத் தபால் ஏற்காது என்பதில் அவளுக்குத்தான் நிம்மதி. அதற்கு ராய்ஸ்.

இந்தக் காலத்து விளக்குகள் ஒன்றும் சரியில்லை. பட்டறையில் இரண்டு மாற்றிவிட்டேன், வெளிச்சமே இல்லை.

டெல்மர்


கார்னி
பிப்ரவரி 23, 2018

அன்புள்ள டெல்மர்,

பெட்டிகள் வந்தன. போன ஞாயிறு கொஞ்சம் வெயில் அடித்தது. வெளிச் சுடுதளத்தில் மணல் மூட்டையில் கையை வைத்து, எண்ணுக்குப் பத்தாக ஐம்பது கஜத்தில் சுட்டேன். ராய்ஸ் தோட்டா ஏற்றிக் கொடுத்துவிட்டுப் பின்னால் காரில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் எவ்ளோ நேரம்? என் காலு செத்துப் போச்சு" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டான். மூன்று தாளும் இத்துடன் இருக்கிறது. நான் எதுவும் சொல்லப் போவதில்லை, நீயே பார்.

இப்போது வேறொன்று சொல்ல வேண்டும். வியாழக்கிழமை கூடத்துக்கு மீதியை எடுத்துப்போனேன். பத்து விநாடியில் ஐந்து சுடும் சுற்று. மூன்றாவது தோட்டாவில் சத்தம் வரவில்லை. பாட்டில் மூடி திறந்தது போல ஒரு 'பொக்'. கையில் உதையும் இல்லை. என் இடது கை தானாகவே துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து அடுத்ததை ஏற்றப் போனது. முப்பது வருஷப் பழக்கம், கை மூளையைக் கேட்காது. ஹியூபர்ட், "நிறுத்து லவோன்! நிறுத்துன்னா நிறுத்து!" என்று கத்தினான். நின்றுவிட்டேன்.

குண்டு குழலுக்குள் ஒரு விரற்கடை ஏறி மாட்டிக்கொண்டிருந்தது. பித்தளைக் கம்பியை விட்டுத் தட்டி எடுத்தான். கூட்டுக்குள் மருந்தே இல்லை, கேப் மட்டும் வெடித்துத் தள்ளியிருக்கிறது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வெடித்து என் கையும் போயிருக்கும் என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு நான் சில்லி சாப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

உன் தோட்டாவில் இப்படி ஒருநாளும் ஆனதில்லை. ஐம்பது கூடுகளைக் கட்டையில் நிறுத்தி, மருந்து ஊற்றி, குண்டு வைக்கும் முன்னால் ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்ப்பாய். சாப்பிடக் கூப்பிட்டால்கூடத் திரும்ப மாட்டாய். இது எப்படித் தப்பியது? யாராவது நடுவில் பேச வந்தார்களா?

லவோன்


ராலின்ஸ்
மார்ச் 5, 2018

லவோன்,

மருந்து ஊற்றும் குப்பியில் சில நேரம் தூள் கட்டிக்கொண்டு கீழே இறங்காது. குளிர் அப்படி. மருந்தும் புது டப்பா. அல்லது உன் துப்பாக்கியின் ஊசி சரியாக அடித்திருக்காது, ஹியூபர்ட்டுக்கு அதையெல்லாம் பார்க்கத் தெரியாது. கூட்டம் கூட்டி ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பான்.

இத்தனை வருஷம் எத்தனை ஆயிரம் நிரப்பித் தந்திருக்கிறேன். ஒன்று தப்பினவுடன் போலீஸ்காரன் போலக் கேள்வி கேட்கிறாய். நம்பிக்கை இல்லையென்றால் கடையில் கம்பெனித் தோட்டா விற்கிறான். வாங்கிக்கொள். ஹியூபர்ட்தான் இருக்கிறானே.

தாள்களைப் பார்த்தேன். எல்லாம் சுமார்தான். இன்னும் யோசித்துச் சொல்கிறேன்.

டெல்மர்


கார்னி
மார்ச் 18, 2018

டெல்மர்,

கோபித்துக்கொள். பரவாயில்லை. இதை மட்டும் உட்கார்ந்து வாசி.

அந்த மூன்று எண்ணிலும் மிச்சமிருந்தது தொண்ணூற்று மூன்று. சனிக்கிழமை முழுவதும் சமையலறை மேசையில் வைத்து, சுத்தியல் போன்ற அந்தப் பிளாஸ்டிக் கருவியில் ஒவ்வொன்றாகத் தட்டிக் குண்டைக் கழற்றினேன். மருந்தைத் தராசில் நிறுத்தேன். நீ போடுவது நாலு புள்ளி இரண்டு கிரெயின் எடை. ஒன்று காலி. இன்னொன்றில் எட்டு புள்ளி நாலு.

எட்டு புள்ளி நாலு, டெல்மர். காலியாகப் போன கூட்டுக்கு உரியதைப் பக்கத்துக் கூட்டில் இரண்டாம் தடவை ஊற்றியிருக்கிறாய். நம் மருந்து கூட்டில் பாதிகூட நிறையாது, இரட்டிப்பு விழுந்தாலும் வெளியே வழியாது, அதனால்தான் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குச் சொன்னவன் நீ. அது அடுத்த வியாழக்கிழமைக்காகப் பெட்டியில் காத்துக்கொண்டிருந்தது.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் வரி மேல் வரி ஏறியிருக்கிறது. ரயில்வேயில் இருபது வருஷம் சரக்குச் சீட்டு எழுதியவன் நீ. கோடில்லாத தாளிலும் கோடு போட்டது போல எழுதுவாய். விளக்கு சரியில்லை என்றாய், என் எழுத்து சிறுத்துவிட்டது என்றாய். நான் அளந்து பார்த்தேன், சிறுக்கவில்லை.

உனக்கு வேலை போனபோது ஏழு மாதம் தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பினாய். நான் கட்டிக் கொடுத்த டப்பா. ரயில்வே நிலையத்துக்குப் போகிறாய் என்று நினைத்தேன். நீ ஊருக்கு வெளியே யாருடைய கொட்டகையிலோ உட்கார்ந்து ஈயம் உருக்கிக்கொண்டிருந்தாய். மளிகைக் கடையில் ஒருத்தி பரிதாபப்பட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வேலை போனதற்காக நான் உன்னை விட்டுப் போகவில்லை. அந்த டப்பாவுக்காகப் போனேன். இதை இதுவரை நான் உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

ஒரே கேள்வி. உன் கண்ணுக்கு என்ன? வேறெதுவும் எழுத வேண்டாம், இதற்கு மட்டும் பதில் போடு. கிளப்பில் ஹியூபர்ட்டைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது, அவனும் பேச மாட்டான்.

லவோன்


கார்னி
ஏப்ரல் 22, 2018

டெல்மர்,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. ராய்ஸ் உன் வீட்டு வழியாகப் போனானாம், புகைபோக்கியில் புகை வந்தது என்றான். உயிரோடு இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டேன்.

தோட்டா நிரப்பச் சின்னதாக ஒரு பிரஸ் வாங்கிக் கராஜில் பொருத்தியிருக்கிறேன். இரண்டாம் எண்ணில் என் பத்தும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கிவிட்டன. அது என்ன குண்டு என்று கழற்றும்போதே தெரிந்துவிட்டது, ஆனால் நீ சொல்வாய் என்று காத்திருக்கிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது. ஈயத்தால் வந்த களைப்பு மட்டும் என்று சொல்ல முடியவில்லை. இதற்கும் பதில் வராவிட்டால் இனி எழுத மாட்டேன்.

லவோன்


ராலின்ஸ்
மே 6, 2018

அன்பான லவோன்,

கறுப்பு மார்க்கர் பேனாவில் எழுதுகிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள்.

கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. இடது கண் மூன்று வருஷமாக. வலது போன இலையுதிர் காலத்திலிருந்து. யாரையாவது பார்த்தால் காதும் தோளும் தெரிகிறது, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறை. ஓரத்தில் எல்லாம் தெரிகிறது. அதனால் நடமாட முடிகிறது, யாருக்கும் தெரியாமல் சமாளிக்க முடிகிறது. லாரமியில் ஒரு கண் டாக்டரிடம் போகச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார்கள். போகவில்லை.

கூட்டுக்குள் விளக்கடித்தால் எனக்கு மருந்து தெரியாது. குச்சியை விட்டு ஆழம் பார்த்தேன். குச்சியால் சரியாகத்தான் பார்க்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு நிரப்புவதை விட்டுவிட்டால் ராய்ஸின் லாரி என் வாசலில் நிற்பதற்குக் காரணம் இல்லை. உன்னிடமிருந்து கடிதம் வருவதற்கும் காரணம் இல்லை. அதனால் நிரப்பினேன். உன் கையை வைத்துச் சூதாடியிருக்கிறேன், லவோன். இதற்கு மன்னிப்புக் கேட்பதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் கையெழுத்து உள்ள எந்தப் பெட்டியையும் சுடாதே. எந்த வருஷத்துப் பெட்டியாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் கழற்று. ஹியூபர்ட்டிடம், அவன் கத்தியது நல்லதாகப் போயிற்று என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் கடைசி இரண்டு கடிதங்களையும் வில்மாதான் வாசித்துக் காட்டினாள். பூதக்கண்ணாடி வைத்தாலும் எனக்கு எழுத்து ஓடவில்லை. எட்டு புள்ளி நாலு வந்த இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். ஏப்ரல் கடிதத்தை வாசித்து மடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "நீயா பதில் எழுதுறியா, இல்ல நான் எழுதட்டுமா? நான் எழுதுனா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்" என்றாள். அதற்கப்புறமும் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

தாள்களைப் 'பார்த்தேன்' என்று எழுதியது பொய். விரலால் தடவினேன். ஒன்றாம் எண்ணில் ஓட்டைகள் ஆளுக்கொரு மூலையில். மூன்றாவது நெருக்கம்தான், ஆனால் ஓரமெல்லாம் கிழிசல். இரண்டாவதில் ஓட்டை ஒவ்வொன்றும் சுத்தமாக விளிம்பு கட்டியிருந்தது. என் நாலு விரலை வைத்து மூடினால் பத்தும் அடியில் அடங்கிவிட்டன. இரண்டையே எடு. அது உன் மிட்டாய், பூச்சுப் போட்ட ஈயம். கூட்டின் வாயை லேசாக மூடு, பூச்சைச் சுரண்டிவிடாதே. நாலு புள்ளி இரண்டு. ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்.

என் தராசை ராய்ஸிடம் தந்தனுப்புகிறேன். உன்னுடையது மலிவுச் சரக்காகத்தான் இருக்கும்.

டெல்மர்


கார்னி
ஜூன் 19, 2018

அன்புள்ள டெல்மர்,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஏழு வரிதான் பிடிக்கிறது. வில்மா இதை வாசிக்க வேண்டாம் என்பதற்காக.

மாநிலப் போட்டியில் ஒன்பதாவதாக வந்தேன். இரண்டாம் எண் குண்டு, நானே நிரப்பியது. என் தோட்டாவை நம்பிச் சுட எனக்கு முதல் இருபது தோட்டா தேவைப்பட்டது, அதில் போன புள்ளிகள் திரும்பவில்லை. இரத்தத்தில் ஈயம் பதினேழு.

உன் பழைய பெட்டிகளையும் கழற்றி முடித்தேன். முன்னால் கழற்றியதோடு சேர்த்து நானூற்றுப் பன்னிரண்டு. பழையதில் ஒன்றையும் சேர்த்து மூன்று கெட்டது. நானூற்று ஒன்பது சரியாக இருந்தது, தராசு முள் அசையாமல். இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ எழுதிய கடிதத்துக்காக நான் பதினொரு வருஷம் காத்திருந்தேன். வந்துவிட்டது. திரும்பி வருகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. நாம் இரண்டு பேருமே அதற்குத் தெம்பில்லாமல் களைத்துவிட்டோம்.

ஆனால் இருபத்தெட்டாம் தேதி, வியாழக்கிழமை, ராய்ஸ் லாரியில் வருகிறேன். லாரமி டாக்டரிடம் பதினொன்றரைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். உள்ளேயும் கூட வருவேன், பாதியை மறைத்துச் சொல்லலாம் என்று நினைக்காதே.

உனக்காக ஐம்பது நிரப்பியிருக்கிறேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் என் பெயர் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு தடவை விளக்கடித்துப் பார்த்தேன். நீ வாழ்நாளில் பிறர் நிரப்பியதைச் சுட்டதில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது சுடுதளத்தில் நிறுத்துவோம். நான் பக்கத்தில் நின்று எங்கே விழுகிறதென்று சொல்கிறேன். நீ கண்ணின் ஓரத்தால் பார்.

ஏழரை மணிக்கே வாசலில் வந்து நில். ராய்ஸ் ஹாரன் அடித்தால் உனக்குக் கேட்காது.

லவோன்